எது நிஜமான வரிசை? (ஃபிரேம்1-க்கு அடுத்து ஃபிரேம்10 வந்த கதை)

#1 கத்தரிக்கோல்

ஒரு நிமிட அனிமேஷன் துண்டு ஒன்றை நேற்று இரவு முழுக்க ரெண்டர் போட்டேன் (காட்சியைக் கணினி ஃபிரேம் ஃபிரேமாகப் படமாக்குவது). நொடிக்கு 24 ஃபிரேம், மொத்தம் 1440 படக்கோப்புகள். விடிகாலையில் எல்லாவற்றையும் டைம்லைனில் இழுத்துப் போட்டு ஓட்டினால், கதவைத் திறக்கப் போன ஆள் மாடிப்படியில் நிற்கிறான். கண்ணிமைப்பதற்குள் மறுபடி கதவருகே, மறுபடி மாடிப்படி. பேய்ப்படம் மாதிரி இருந்தது. ரெண்டரில்தான் கோளாறு என்று பாதியைத் திரும்பப் போட்டு இன்னும் இரண்டு மணி நேரம் வீண்.

கோப்புப் பட்டியலைத் திறந்த பிறகுதான் உறைத்தது. ஃபிரேம்1, ஃபிரேம்10, ஃபிரேம்100, ஃபிரேம்1000, 1001... அப்படியே 1009 வரை போய், அங்கிருந்து 101-க்குக் குதித்து, பிறகு 1010. ஒன்றில் தொடங்கும் எண்கள் அத்தனையும் தீர்ந்தால்தான் ஃபிரேம்2-க்கு வழி. எண்ணிப் பார்த்தேன், அதற்கு முன்னால் 552 கோப்புகள். சரியாக 23 நொடி கழித்துத்தான் என் படத்தின் இரண்டாவது ஃபிரேம் வருகிறது!

இதற்கு வைத்தியம் இருக்கும், கேட்கப்போவது அதை மட்டும் இல்லை. கணினி எதையும் குழப்பவில்லை என்பதுதான் உறுத்துகிறது. அதற்கென்று ஒரு வரிசை இருந்தது, கறாராக அதைத்தான் பின்பற்றியது. சினிமாவிலும் இதே கதைதானே? படம் எடுக்கிற வரிசை ஒன்று: ஒரே வீட்டுக் காட்சிகள் எல்லாம் ஒரே வாரத்தில், கதாநாயகி திங்கட்கிழமை செத்துப்போய் வியாழக்கிழமை கல்யாணம் பண்ணிக்கொள்வாள். கதைக்குள் சம்பவங்கள் நடந்த வரிசை இன்னொன்று. ரசிகன் பார்க்கிற வரிசை மூன்றாவது. கிளாப் பலகை இருப்பதே முதலாவதிலிருந்து மூன்றாவதற்குப் போய்ச்சேரத்தான்.

இதில் எது நிஜம்? உங்கள் துறையில் எப்படி?

#2 பழைய_நிரலர்

முன்னாடி பூஜ்யம் போட்டு 0001னு பேர் வைங்க, தீர்ந்தது. கம்ப்யூட்டர் பேரை எண்ணா பாக்கல, எழுத்தெழுத்தா பாக்குது. 10-க்கும் 2-க்கும் போட்டின்னா முதல் எழுத்து 1, அது 2-ஐ விடச் சின்னது. தீர்ப்பு அங்கேயே முடிஞ்சுது, பின்னாடி இருக்கிற பூஜ்யத்தை யாரும் விசாரிக்கிறது கூட இல்ல.

உங்க பெரிய கேள்விக்குப் பதில் உங்க தொழிலுக்குள்ளயே இருக்கு. கடைசியா நீங்க எக்ஸ்போர்ட் பண்ற வீடியோ கோப்புக்குள்ள ஃபிரேம்கள் எந்த வரிசைல கிடக்குதுன்னு பாத்திருக்கீங்களா? பெரும்பாலும் திரைல ஓடுற வரிசைல இருக்காது.

அதுல மூணு ஜாதி ஃபிரேம் இருக்கு. ஒண்ணு முழுப்படம், தன்னந்தனியா நிக்கும். ரெண்டாவது, முன்னாடி வந்த படத்தோட ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் வச்சிருக்கும். மூணாவது, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டையும் பாத்து நடுவுல உள்ளதைக் கணிக்கும். (ஆங்கிலத்துல இந்தக் கடைசி ரெண்டுக்கும் வேற வேற எழுத்து. தமிழ்ல எழுதினா ரெண்டுமே 'பி'தான், அதனால பேரை விட்டுடுறேன்.) திரைல 1, 2, 3, 4னு ஓடணும். 2-ம் 3-ம் அந்த நடு ஜாதின்னு வைங்க. 4 இல்லாம 2-ஐப் பிரிக்க முடியாது. அதனால கோப்புல 1, 4, 2, 3னு கிடக்கும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ரெண்டு நேர முத்திரை: எப்போ பிரிக்கணும், எப்போ காட்டணும். பிளேயர் 4-ஐ முதல்லயே பிரிச்சு, கைல வச்சுக்கிட்டு, 2-ஐயும் 3-ஐயும் காட்டி முடிச்சிட்டுத்தான் வெளில விடும். ரசிகனுக்கு இன்னும் நடக்காத ஃபிரேம் பிளேயருக்கு ஏற்கனவே பழசு.

பிராசசரும் அப்படித்தான். 1967-ல ஐபிஎம் 360/91-க்காக தொமசூலோங்கிறவர் ஒரு வழி கண்டுபிடிச்சார்: எந்தக் கட்டளைக்கு வேண்டிய விவரம் தயாரோ அது முன்னாடி ஓடட்டும், நிரல்ல பின்னாடி இருந்தாலும் பரவாயில்ல. இன்னைக்கு உள்ள பிராசசர்கள் உள்ளே தாறுமாறா ஓட்டிட்டு, முடிவுகளை வெளியிடறப்ப மட்டும் நிரல் வரிசைல நிறுத்தும்.

ஆக என் கட்சி இது: வரிசைங்கிறது யாருக்கு எது தேவைங்கிறதுலேர்ந்து பொறக்குது. 4 இல்லாம 2 இல்ல, அதனால 4 முன்னாடி. தேவை இல்லாத இடத்துல முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. நாமளா ஒட்டுற நம்பர்தான்.

#3 எழுத்தெண்ணி

நிரலர் ஐயா சொன்ன இரட்டை வரிசை நம் எழுத்திலேயே இருக்கிறது. இந்த இழையைத் தட்டச்சு செய்துகொண்டே அதை எல்லோரும் கடந்து போகிறோம்.

'கெ' என்று கையால் எழுதும்போது முதலில் எதைப் போடுகிறீர்கள்? கொம்பை. பிறகுதான் க. கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடு சேமிப்பது தலைகீழாக: முதலில் க, அடுத்து எகரக் குறி. திரையில் வரைகிற மென்பொருள்தான் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கிறது. 'கொ' இன்னும் வேடிக்கை. சேமிப்பில் ககரத்துக்குப் பின் ஒரே ஒரு குறி, கண்ணுக்கு அது இரண்டாகப் பிளந்து ககரத்தின் இரு பக்கமும் நிற்கும். பழைய தட்டச்சுப் பொறியில் கண் வரிசைதான், கொம்பை முதலில் அடிக்க வேண்டும். டிஸ்கி போன்ற பழைய குறியீடுகளும் கண் வரிசையிலேயே சேமித்தன. யூனிகோடில் அது காது வரிசையானது. தமிழ்99 விசைப்பலகையில் க தட்டி எ தட்டுவதும் காது வரிசைதான்.

ஆனால் ஐயாவின் 'தேவை' என்ற கொள்கையை நான் ஏற்கவில்லை. ய ர ல வ ழ ள ற ன என்று படித்தோம். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும், றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும், ளவும் ழவும் வகரத்துக்கு முன்னாலும் இருக்கின்றன. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிற நிரல் 'மனம்' என்பதை 'மரம்' என்பதற்கு முன்னால் வைக்கும். அகராதியில் மரம்தான் முன்னால். ரகரம் இல்லாமல் னகரம் பிறக்காது என்று ஏதாவது இருக்கிறதா? எந்தத் தேவையும் இல்லை. ஆனாலும் அந்த வரிசையைக் கலைத்தால் அகராதி வெறும் சொற்குவியல்.

#4 குறுக்குக்கேள்வி

ஒரே பதிவுல தேவைக் கட்சி டெபாசிட் காலி.

நானும் ஒண்ணு சொல்றேன். சோவியத் இயக்குநர் குலெஷோவ் செஞ்ச சோதனை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒரே நடிகர், உணர்ச்சி காட்டாத ஒரே முகம். பக்கத்துல சூப்புக் கிண்ணம் ஒட்டினா பசி, சவப்பெட்டி ஒட்டினா துக்கம். ஒரு துண்டுக்கு இன்னொரு துண்டு எந்த விதத்துல தேவை? முகம் தனியாவும் முகம்தான். ஒட்டினதால வந்த அர்த்தம் ரெண்டு துண்டுலயும் இல்ல.

(அந்த அசல் துண்டுகள் இன்னைக்குக் கிடையாது, குலெஷோவும் அவர் மாணவர் புடோவ்கினும் சொன்ன விவரங்களே ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. யாராவது 'நான் யூட்யூப்ல அசலையே பாத்தேன்'னு வந்தா நம்பாதீங்க.)

#5 கத்தரிக்கோல்

@குறுக்குக்கேள்வி, அது பக்கத்தில் வைப்பதைப் பற்றிய சோதனை. வரிசையைப் பற்றிப் பேச அதைவிடக் கச்சிதமானது புடோவ்கின் சொன்ன உதாரணம். மூன்றே ஷாட்: சிரிக்கிற முகம், நீட்டிய துப்பாக்கி, மிரண்ட முகம். இந்த வரிசையில் ஓட்டினால் ஆள் கோழை. முதலையும் கடைசியையும் இடம் மாற்றுங்கள்: மிரண்ட முகம், துப்பாக்கி, சிரிக்கிற முகம். இப்போது அவன் வீரன். ஒரு ஃபிரேம் கூடவில்லை, குறையவில்லை.

எடிட்டிங் மேஜையில் இது தினசரி நடப்பு. சென்ற மாதம் ஒரு குறும்படத்தில் அப்பா கடிதம் படிக்கிற காட்சி. கடிதத்தின் குளோசப் முதலில், அப்பா முகம் பிறகு என்று வெட்டியிருந்தேன். இயக்குநருக்கு என்னவோ ஒட்டவில்லை. முகத்தை முன்னால் போட்டு, நான்கு நொடி பிடித்து, பிறகு கடிதத்தைக் காட்டினேன். முதல் வெட்டில் ரசிகன் கடிதத்தைப் படித்துவிட்டு 'அப்பா என்ன செய்வார்' என்று பார்க்கிறான். இரண்டாவதில் அப்பாவைப் பார்த்துவிட்டு 'அப்படி என்னதான் எழுதியிருக்கிறது' என்று தவிக்கிறான். கடிதத்தில் இருந்தது அதே மூன்று வரி.

#6 பழைய_நிரலர்

விட்டுக்கொடுக்க மாட்டேன். தேவை இருக்கு, ஆனா அது திரைல இல்ல, ரசிகன் மண்டைல இருக்கு. ரெண்டாவது ஷாட்டை அவன் வெறுமனே பாக்கல, முதல் ஷாட்டோட வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கிறான். நான் #2-ல சொன்ன ரெண்டாவது ஜாதி ஃபிரேம்! முன்னாடி உள்ளதை மாத்தினா இதுவும் வேற படமாப் பிரியும்.

அகராதி விஷயத்துல எழுத்தெண்ணி ஐயா சொன்னதை ஒத்துக்கிறேன். அங்க தேடுறவனுக்கும் அடுக்குறவனுக்கும் நடுவுல ஒரு உடன்பாடு, அவ்வளவுதான். உடன்பாடு எதுவா இருந்தாலும் சரி, ரெண்டு பேரும் அதையே வச்சுக்கணும். கத்தரிக்கோலும் அவர் மென்பொருளும் வேற வேற உடன்பாட்டை வச்சிருந்ததுதான் 1440 ஃபிரேம் கூத்து.

#7 நாக்குச்சுழி

மண்டைக்குள் வந்துவிட்டதால் நானும் வருகிறேன். படித்தது உளவியல்.

முதலில் ஒரு சின்ன விளையாட்டு. யோசிக்காமல் சொல்லுங்கள்: 'ள'வுக்கு முந்தைய எழுத்து எது?

பாதிப் பேராவது உள்ளுக்குள் ய ர ல வ என்று ஓட்டித்தான் ழவில் வந்து நின்றிருப்பீர்கள். வருடக்கணக்காகத் தெரிந்த வரிசை, ஆனால் நடுவில் குதித்து ஏற முடிவதில்லை, பின்னோக்கி இறங்கவும் முடிவதில்லை. இதைப் பார்த்தால் வரிசை என்பது சங்கிலி என்றே தோன்றும். ஒரு கண்ணி அடுத்ததை இழுக்கிறது, அது அதற்கடுத்ததை.

ரொம்ப காலம் உளவியலில் அப்படித்தான் நம்பினார்கள். அதை உடைத்தவர் கார்ல் லாஷ்லி. 1948-ல் பேசி 1951-ல் அச்சான ஒரு கட்டுரை, தலைப்பே நடத்தையில் தொடர்வரிசை என்னும் சிக்கல். அவர் வாதம் எளிது. வாத்தியம் வாசிப்பவரின் விரல்கள் வேகமான இடங்களில் நொடிக்கு 16 தடவை வரை மாறும். ஒரு விரல் அசைந்த சேதி மூளைக்குப் போய், அது அடுத்த விரலைத் தூண்டுவதற்கு அந்த இடைவெளி போதாது. ஆகவே அடுத்தடுத்த அசைவுகள் முன்கூட்டியே தயாராகிக் காத்திருக்க வேண்டும். கண்ணி கண்ணியாக இல்லை, மொத்தமாக.

அவர் காட்டிய இன்னொரு சாட்சி நம்முடைய பிழைகள். அதைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். 'தலையும் வாலும்' என்று அவசரமாகச் சொல்லும்போது நாக்கு தடுமாறி 'வலையும் தாலும்' என்று விழும். உற்றுப் பாருங்கள். த-வும் வ-வும் இடம் மாறின. ஆனால் முதல் இடத்தின் குறிலும் இரண்டாம் இடத்தின் நெடிலும் அசையவே இல்லை. 'வாலையும் தலும்' என்று வரவில்லை! இடம் ஒன்று, இடத்தில் வந்து உட்காருவது ஒன்று, இரண்டையும் மூளை தனித்தனியாக வைத்திருந்தால்தான் இப்படிக் கலையும். தவிர, 'வாலும்' என்பதன் வ இன்னும் சொல்லப்படாத எழுத்து, அது முன்னால் பாய்ந்து வந்தது. முன்னமே கையில் இருந்திருக்கிறது, நிரலர் சொன்ன அந்த 4-ஆம் ஃபிரேம் மாதிரி.

#8 எழுத்தெண்ணி

நாக்குச்சுழி அம்மாவா ஐயாவா தெரியவில்லை, அருமை. நீங்கள் சொன்ன இரண்டுக்கும் நம் இலக்கணத்தில் தனித்தனிப் பெயர் உண்டு.

சங்கிலி என்றால் அந்தாதி. ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கும். ஏட்டுச்சுவடியின் கட்டு அவிழ்ந்து இலைகள் கலைந்துபோனாலும், ஈறும் முதலும் பொருத்திப் பொருத்தி வரிசையை மீட்டுவிடலாம். பக்க எண் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பாட்டு தொலைந்தால் எந்த இடத்தில் தொலைந்தது என்றுகூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

மற்றது நிரல்நிறை. 'அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது.' அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன். முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது. அன்பையும் பண்பையும் கட்டும் கயிறு என்று ஒரு சொல்லும் குறளில் இல்லை. இடம்தான் கயிறு. 'பயனும் பண்பும்' என்று மாற்றினால் ஒரு சொல்லும் குறையாது, பொருள் கெட்டுவிடும். (அதையே தலைகீழாகப் பொருத்தினால் எதிர்நிரல்நிறை. நம் ஆட்கள் அதற்கும் பெயர் வைத்துவிட்டார்கள்.)

கத்தரிக்கோலின் துப்பாக்கிக் காட்சியும் நிரல்நிறைக்குப் பக்கத்து வீடு என்றே எனக்குப் படுகிறது.

#9 மூவெழுத்து

நிரல்நிறை என்றதும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. எங்கள் துறையில் (மரபியல்) அதற்கு அப்படியே ஓர் உதாரணம் இருக்கிறது.

பழ ஈயில் தலை, மார்பு, வயிறு என்று எந்தப் பகுதி என்னவாக வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் உண்டு. அவை குரோமோசோமில் அடுக்கியிருக்கும் வரிசையும், உடலில் தலையிலிருந்து வால் வரை அவை வேலை செய்யும் இடங்களின் வரிசையும் ஒன்றே. எட்வர்ட் லூயிஸ் 1978-ல் இதை விளக்கினார், 1995-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இதுவரை அழகான நிரல்நிறை.

அப்புறம்தான் இடிக்கிறது. ஓய்கோப்ளூரா என்று ஒரு குட்டிக் கடல் உயிரி. அதன் ஹாக்ஸ் மரபணுக்கள் அடுக்கு கலைந்து மரபணுத் தொகுதியில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. ஆனால் உடலில் அவை வேலை செய்யும் முன்-பின் ஒழுங்கு பெரும்பாலும் கெடவில்லை! சேமிப்பு வரிசை சிதறிய பிறகும் காட்சி வரிசை நிற்கிறது. உங்கள் வீடியோ கோப்பு மாதிரியேதான், ஆனால் இதில் நேர முத்திரை குத்தியது யார் என்பதுதான் ஆராய்ச்சி.

'ஃபிரேம்' என்ற சொல்லும் எங்களிடம் உண்டு. டிஎன்ஏவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும், நடுவில் இடைவெளியோ காற்புள்ளியோ கிடையாது. எங்கே தொடங்குகிறோம் என்பதே எல்லாம். தமிழில் செய்து பாருங்கள்: மரம் படம் கடல். முதல் ம-வை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மும்மூன்றாகப் பிரித்தால், ரம்ப டம்க டல். போனது ஓரெழுத்து, கெட்டது அத்தனையும். மூன்றெழுத்தை எடுத்தால் ஒரு சொல்தான் போகும், மிச்சம் பிழைத்துக்கொள்ளும். 1961-ல் கிரிக், பிரென்னர் குழுவினர் வைரஸ் ஒன்றில் இப்படி எழுத்துகளைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துத்தான் மரபுக் குறியீடு மூன்றெழுத்துக் கணக்கு என்ற முடிவுக்கு வந்தார்கள்.

#10 குறுக்குக்கேள்வி

நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாத்தையும் 'என் துறைலயும் இது இருக்கு'ன்னு அடுக்கிக்கிட்டே போறோமே? நிரலருக்கு நேரடியா ஒரு கேள்வி. தேவை இல்லாத ரெண்டு சம்பவம், உடன்பாடும் இல்ல. எது முன்னாடி நடந்துச்சு? கடிகாரத்தைப் பாத்தா தெரிஞ்சிடுமே. காலம்னு ஒண்ணு இருக்குல்ல.

#11 பழைய_நிரலர்

கடிகாரத்தைப் பாத்தா தெரியாது. அதுதான் விஷயமே.

ரெண்டு சர்வர். ஒண்ணோட கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடுது, இன்னொண்ணு கொஞ்சம் பிந்தி. முதல்ல அனுப்பின சேதிக்கு 10:00:05னு முத்திரை, அதுக்கு வந்த பதிலுக்கு 10:00:03. கேள்விக்கு முன்னாடியே பதில்! லாக் (சர்வர் எழுதி வைக்கிற சம்பவப் பதிவு) பாத்துப் பைத்தியம் பிடிச்சவங்களுக்கு இது தெரியும். நானே ஒரு தடவை மூணு நாள் இல்லாத பிழையைத் தேடியிருக்கேன்.

1978-ல லெஸ்லி லாம்போர்ட் இதுக்கு ஒரு வழி எழுதினார். கடிகாரத்தை விட்டுடு, ஆளுக்கொரு எண்ணி வச்சுக்கோ. ஏதாவது செஞ்சா ஒண்ணு கூட்டு. சேதி அனுப்பினா உன் எண்ணையும் சேத்து அனுப்பு. வாங்குறவன் தன் எண், வந்த எண், ரெண்டுல பெரிசு எதுவோ அதோட ஒண்ணு கூட்டிக்கணும். இப்ப ஒரு சம்பவம் இன்னொண்ணுக்குக் காரணமா இருக்க வாய்ப்பு இருந்தா, அதோட எண் கண்டிப்பாச் சின்னதா இருக்கும். ஆனா எதிர்ப்பக்கம் உண்மை இல்ல: எண் சின்னதா இருக்குங்கிறதுக்காக அது முன்னாடி நடந்ததுன்னு சொல்ல முடியாது. ரெண்டு பேருக்கும் நடுவுல சேதியே போகலைன்னா, எது முன்னாடிங்கிற கேள்விக்கு அந்த அமைப்புக்குள்ள பதிலே கிடையாது. வேணும்னா ஏதாவது ஒரு உடன்பாட்டுல வரிசையாக்கிக்கலாம், அகராதி மாதிரி.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன். #2-ல 'தேவை இல்லைன்னா எப்படி ஓட்டினாலும் ஒண்ணுதான்'ங்கிற தொனில எழுதிட்டேன். அது கொஞ்சம் திமிர். கூட்டலையே எடுத்துக்கோங்க. பள்ளிக்கூடத்துல எந்த வரிசைல கூட்டினாலும் ஒண்ணுதான்னு படிச்சோம். கம்ப்யூட்டர்ல வழக்கமான 64 பிட் தசம எண்ணுல 10,000,000,000,000,000 (ஒண்ணுக்குப் பின்னாடி 16 பூஜ்யம்) எடுத்து, ஒண்ணைக் கூட்டி, அதே பெரிய எண்ணைக் கழிங்க. பூஜ்யம் வரும், ஏன்னா அவ்வளவு பெரிய எண் பக்கத்துல அந்த ஒண்ணுக்கு உக்கார இடம் இல்ல. முதல்ல கழிச்சிட்டு அப்புறம் ஒண்ணைக் கூட்டினா ஒண்ணு வரும். கணக்குப்படி எந்தத் தேவையும் இல்ல, வரிசை மட்டும் விடையை மாத்திடுச்சு.

பிராசசரும் அப்படித்தான் மாட்டிக்கிச்சு. உள்ளே தாறுமாறா ஓடினாலும் வெளில வரிசையாத் தெரியும்னு பெருமையாச் சொன்னேன். 2018 ஜனவரில மெல்ட்டவுன், ஸ்பெக்டர்னு ரெண்டு ஓட்டை வெளியாச்சு. முன்கூட்டியே ஓட்டிப் பாத்துத் தூக்கிப் போட்ட கட்டளைகள் கேஷ் நினைவகத்துல (சமீபத்துல எடுத்ததைச் சீக்கிரம் கிடைக்க வச்சுக்கிற இடம்) கால்தடம் விட்டுட்டுப் போயிருக்கு. எது சீக்கிரம் கிடைக்குது, எது தாமதமாகுதுன்னு நேரத்தை அளந்தே ரகசியத்தைப் படிச்சிடலாம்.

#12 நாக்குச்சுழி

@எழுத்தெண்ணி, அம்மாதான்.

#13 புதுமுகம்_7

எல்லாருக்கும் வணக்கம், இப்போதுதான் சேர்ந்தேன். என் அமைப்பில் 'புதிய பதிவு முதலில்' என்று இருந்திருக்கிறது, கவனிக்கவில்லை. 12-லிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தேன். 'அம்மாதான்' என்று ஒருவர் தொடங்குகிறார், அடுத்தவர் 'கடிகாரத்தைப் பார்த்தால் தெரியாது' என்கிறார். ஏதோ குடும்ப வழக்கு, சாட்சி விசாரணை போகிறது என்றே நினைத்தேன். ஹாக்ஸ் மரபணு வந்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. முதல் பதிவுக்கு வந்தபோதுதான் இது ஃபிரேம் எண் பிரச்சினை என்று தெரிந்தது. கொலைகாரன் யார் என்று கடைசியில் தெரிகிற மாதிரி.

#14 குறுக்குக்கேள்வி

இந்த இழையைச் சரியாப் படிச்ச ஒரே ஆள் நீங்கதான்.

#15 கத்தரிக்கோல்

சிரித்து முடியவில்லை. எல்லோருக்கும் நன்றி, பூஜ்யம் போட்டுப் பெயர் மாற்றிவிட்டேன், ஆள் ஒழுங்காகக் கதவைத் திறந்து உள்ளே போகிறான்.

அடுத்தது கொஞ்சம் நீளமான துண்டு. நான்கு இலக்கமே போதுமா?

#16 பழைய_நிரலர்

அஞ்சு வைங்க. நாலு இலக்கம் 9999-ல முடிஞ்சிடும், 24 ஃபிரேம் கணக்குல ஏழு நிமிஷத்துக்கு மூணு நொடி குறைச்சல். 10000 வந்துச்சுன்னா அது நேரா 1000-க்கும் 1001-க்கும் நடுவுல போய் உக்காந்துக்கும்.